நாலு எம்.எம். வயரும் அம்மாவின் இன்சுலினும்

கேம்பர் ட்ரெய்லர் வாங்கப் போகிறேன் என்று சொல்லும் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "சோலார் பேனல் எத்தனை வாட் போடணும்?" நான் பதிலுக்கு, பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜுக்குப் போகும் வயர் எவ்வளவு தடிமன் என்று கேட்பேன். சம்பந்தமில்லாமல் பேசுகிறேனோ என்று பார்ப்பார்கள். இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதமும் மூன்று பயணங்களும் ஆயின. நடுவில் அம்மாவின் மூன்று இன்சுலின் பேனாக்களும் வீணாகின.

நாங்கள் மெல்பர்னில் இருக்கிறோம். அம்மா மதுரையிலிருந்து ஒரு அக்டோபரில் வந்தார், ஏப்ரல் வரை இருப்பதாக. அதற்குச் சில வாரம் முன்புதான் பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கியிருந்தோம். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்கிற சின்ன வண்டி. மேலே மடித்து வைத்த கான்வாஸ் கூடாரம், பின்பக்கம் இழுத்தால் சமையல் மேடை, பக்கவாட்டுப் பெட்டியில் ஒரு ஃப்ரிட்ஜ், முன்னால் 100 ஏ.ஹெச். ஏ.ஜி.எம். பேட்டரி. ஏ.ஜி.எம். என்பது மூடி அடைத்த ஈய-அமில வகை. ஏ.ஹெச். என்பது ஆம்பியர்-மணி, 1 ஆம்பியர் வீதம் எடுத்தால் 100 மணி நேரம் வரும் என்று கணக்கு. கரன்ட் கொடுக்கிற கேரவன் பார்க்குகளில் 240 வோல்ட் பிளக்கைச் சொருகிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் எங்களுக்குப் போக ஆசையாக இருந்த இடங்கள் தேசியப் பூங்காக்கள். அங்கே கரன்ட் கிடையாது, பல இடங்களில் ஜெனரேட்டரும் கூடாது.

"ஃப்ரிட்ஜ் இருக்குல்லப்பா? அப்ப நானும் வர்றேன்" என்றார் அம்மா. பதினைந்து வருடமாகச் சர்க்கரை, தினமும் இன்சுலின். மருந்தை ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார். பிரிக்காத பேனாக்கள் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் இருக்கவேண்டும். அவர் வைத்த நிபந்தனை அது ஒன்றுதான்.

முதல் பயணம் நவம்பர் தொடக்கத்தில், மெல்பர்ன் கப் குதிரைப் பந்தய விடுமுறையை ஒட்டி, ஹாட்டா-குல்கைன் தேசியப் பூங்காவுக்கு. மோர்ன்பால் ஏரிக்கரையில் கூடாரம் போட்டோம். வழி முழுக்கக் காரின் கரன்ட்டில் ஓடி ஃப்ரிட்ஜ் நன்றாகக் குளிர்ந்திருந்தது. இறங்கியதும் ஸ்விட்சை அப்படியே 12 வோல்ட்டில் விட்டுவிட்டேன். விடிகாலையில் பார்த்தால் பேட்டரி 10.8 வோல்ட், உள்ளே 17 டிகிரி. ஆட்டுக்கறியும் மீனும் குப்பைக்குப் போயின.

அது மூன்று வழி ஃப்ரிட்ஜ். கேஸ், 240 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும். உள்ளே கம்ப்ரஸர் இல்லை. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் வைத்து, வெப்பத்தால் குளிரை உண்டாக்குகிற ஏற்பாடு. 1922-இல் பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் கண்டுபிடித்தது. அடுப்புச் சுடரிலிருந்து குளிர் வருகிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். கேஸில் ஓடும்போது சத்தமே இருக்காது, நாளுக்குக் கால் கிலோவிலிருந்து அரை கிலோ எல்.பி.ஜி. போதும். 12 வோல்ட்டில் ஓடும்போதோ அது வெறும் ஹீட்டர். எங்களுடையது 130 வாட், கிட்டத்தட்ட 11 ஆம்பியர், நிற்காமல். 12 வோல்ட்டில் தெர்மோஸ்டாட்டும் வேலை செய்யாது. ஏ.ஜி.எம். பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். அப்படியானால் 100 ஏ.ஹெச்.சில் கையில் இருப்பது 50. ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது. அந்த 12 வோல்ட் ஸ்விட்ச் கார் ஓடும்போது மட்டும் போடுவதற்கானது. இது தெரியாமல் இரவு முழுக்க ஓடவிட்டேன்.

அதைவிடப் பெரிய தவறு காலையில்தான். பதற்றத்தில் எஸ்கியில், அதாவது ஐஸ்பெட்டியில், இருந்த ஐஸ்கட்டிகளுக்கு நடுவே இன்சுலின் பேனாக்களைச் செருகி வைத்தேன். மில்டூராவுக்குப் போய் ஒரு மருந்தாளுநரிடம் கேட்டபோது அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு இரவு 17 டிகிரியில் இருந்ததால் மருந்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உபயோகத்தில் இருக்கிற பேனா அறை வெப்பத்தில் ஏறத்தாழ நாலு வாரம் தாங்கும். உறைந்தால் கட்டாயம் கெடும், உறைந்து இளகியது பார்வைக்கு வித்தியாசம் தெரியாமலும் இருக்கலாம். ஐஸை ஒட்டியிருந்த மூன்றையும் தூக்கிப் போடச் சொன்னார். அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "விடுப்பா, எங்கிட்ட இன்னும் இருக்கு" என்றார். ஊரிலிருந்து கைப்பையில், மடியைவிட்டு இறக்காமல் சுமந்துவந்த மருந்து அது.

மீதி இரண்டு நாளையும் கேஸில் ஓட்டினோம். உங்களிடம் இந்த வகை ஃப்ரிட்ஜ்தான் இருக்கிறது என்றால் அதை ஒதுக்க வேண்டியதில்லை, அதன் குணம் தெரிந்தால் போதும். வண்டி சமமாக நிற்கவேண்டும். ரசமட்டம் ஒன்று வாங்கி ஃப்ரிட்ஜுக்குள் வைத்துப் பாருங்கள். காற்று அடித்தால் சுடர் அணையும். கூடாரத்துக்குள்ளோ மூடிய கான்வாஸுக்குள்ளோ கேஸில் ஓட்டவே கூடாது: கார்பன் மோனாக்சைடு மணமும் நிறமும் இல்லாமல் ஆளைக் கொல்லும். வண்டி ஓடும்போதும், பெட்ரோல் பங்க்கில் நுழையும் முன்பும் கேஸை அணைத்திருக்க வேண்டும். எங்களுக்கு அது ஒத்துவராமல் போனதற்குக் காரணம் வெயில். வெளியே 37 டிகிரி இருந்த மதியம் உள்ளே 11-க்குக் கீழே இறங்கவில்லை. இங்கே உணவுப் பாதுகாப்பு விதி 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே என்கிறது. இன்சுலினுக்கு 8.

மெல்பர்ன் திரும்பியதும் 45 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கினேன், வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரியே ஆனால் 12 வோல்ட்டில் ஓடுவது. கம்ப்ரஸர் ஓடும்போது 4 அல்லது 5 ஆம்பியர் இழுக்கும், குளிர்ந்ததும் நின்றுவிடும். கராஜில் பேட்டரியோடு நேராக இணைத்து, நடுவில் ஒரு மீட்டர் போட்டு, 24 மணி நேரம் ஓட்டினேன். 27 ஏ.ஹெச். அப்படியென்றால் 50-இல் கிட்டத்தட்ட இரண்டு நாள். மனசு நிறைந்தது. ஜனவரியில் மறே ஆற்றங்கரையில் பார்மா தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம்.

இரண்டாம் நாள் இரவு ஃப்ரிட்ஜில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. கம்ப்ரஸர் கிளம்பும், ஒரு நிமிடத்தில் நிற்கும், சில நிமிடம் கழித்து மறுபடி கிளம்பும், நிற்கும். பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.3 வோல்ட், பாதிக்கு மேல் இருக்கிறது. பேட்டரி வீக் ஆகிவிட்டது, இன்னொன்று வாங்கி இணைக்கவேண்டும் என்று முடிவே செய்துவிட்டேன்.

பக்கத்துக் கூடாரத்தில் இருந்த பெரியவர் ஓய்வுபெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன். விளக்கு மினுக்குவதைப் பார்த்து அவராகவே டார்ச்சோடு வந்தார். ஃப்ரிட்ஜைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்து கம்ப்ரஸரை ஓடவைக்கச் சொன்னார். ஓடும்போதே பேட்டரியில் ஒரு தரம், ஃப்ரிட்ஜ் பிளக்கில் ஒரு தரம் அளந்தார். பேட்டரியில் 12.3. பிளக்கில் 11.5. முக்கால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போயிருந்தது. ஃப்ரிட்ஜுக்குள் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு, வோல்ட் குறைந்தால் பேட்டரியைக் காப்பாற்ற அதுவே நின்றுவிடும். அந்த அளவுகோல் எங்களுடையதில் உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது. பேட்டரி காலியாகவில்லை, வயரின் அந்தக் கோடியிலிருந்து பார்க்கிற ஃப்ரிட்ஜுக்குக் காலியானதுபோலத் தெரிந்தது.

அப்புறம் வயரை டார்ச்சடித்துக் காட்டினார். உறைமேல் 4 எம்.எம். என்று அச்சிட்டிருந்தது. நான் அதைப் பார்த்துத்தான் இருந்தேன், நல்ல தடிமன் என்றே நினைத்திருந்தேன். நம் ஊரில் வீட்டு வயரிங்குக்கு 4 எம்.எம். என்று கடையில் கேட்டால் 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு உள்ள வயரைத் தருவார்கள், ஏசிக்குக்கூடப் போடுவோம். ஆஸ்திரேலியாவில் வண்டி வயருக்குச் சொல்கிற 4 எம்.எம். வேறு. அது பிளாஸ்டிக் உறையையும் சேர்த்து வெளிவிட்டத்தின் அளவு. உள்ளே செம்பு 2 ஸ்கொயர் எம்.எம்.கூட இல்லை, ஏறத்தாழ 1.8. இங்கே 6 எம்.எம். என்று விற்பதில்கூட 4.6 ஸ்கொயர் எம்.எம்.தான். ஊர் வயரிங் பழக்கத்தோடு வருகிற நாமெல்லாம் விழுகிற குழி இது. அதனால்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கணக்கு எளிது. பேட்டரி முன்னால், ஃப்ரிட்ஜ் பக்கவாட்டில். சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வழியாகச் சுற்றிப்போகிற வயர் 6 மீட்டர். போக 6, வர 6, ஆக 12 மீட்டர். செம்பின் தடையை ஒரு மீட்டருக்கு, ஒரு ஸ்கொயர் எம்.எம்.முக்கு 0.0175 ஓம் என்று வைத்துக்கொண்டால், 12-ஆல் பெருக்கி 1.8-ஆல் வகுக்க 0.117 ஓம் வரும். 5 ஆம்பியர் ஓடினால் 0.58 வோல்ட் வயரிலேயே போகிறது. மீதியைச் சிகரெட் லைட்டர் சாக்கெட் தின்றது. அந்த சாக்கெட்டில் பிளக் ஒரு ஸ்பிரிங்கை நம்பித்தான் நிற்கிறது, வண்டி குலுங்கக் குலுங்கத் தளரும். 240 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அரை வோல்ட் என்பது முழு பேட்டரிக்கும் பாதி பேட்டரிக்கும் உள்ள வித்தியாசம்.

அன்றிரவு அவர் செய்த வைத்தியம்: ஃப்ரிட்ஜைத் தூக்கி பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து, தன்னிடம் இருந்த குட்டை கேபிளால் இணைத்தார். சிவப்பு விளக்கு அணைந்தது, கம்ப்ரஸர் நிதானமாக ஓடியது. காலையில் உள்ளே 4 டிகிரி. அம்மா அவருக்கு இட்லியும் தக்காளிச் சட்னியும் கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் 8 பி அண்ட் எஸ் என்று இங்கே சொல்கிற கேபிளைப் போட்டேன், ஏறத்தாழ 8 ஸ்கொயர் எம்.எம். சாக்கெட்டைத் தூக்கிவிட்டு, குலுங்கினாலும் தளராமல் கவ்வி நிற்கிற 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக். பேட்டரியின் பாஸிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ். வயர் எங்காவது உராய்ந்து சேஸிஸைத் தொட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான், அதை விடவே கூடாது. எல்லாம் சேர்த்து நூறு டாலருக்குள் முடிந்தது. இப்போது இழப்பு 0.15 வோல்ட்டுக்குள். வாங்க நினைத்த இரண்டாவது பேட்டரி தேவையே இல்லாமல் போனது. 12 வோல்ட் வேலையை நாமே செய்யலாம். 240 வோல்ட் பக்கம் கை வைக்க இங்கே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் வரவேண்டும்.

பெரியவர் போகும்போது இன்னொன்றும் சொன்னார், ஃப்ரிட்ஜ் இருக்கும் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொல்லி. அனலாக இருந்தது. கம்ப்ரஸர் வெளியேற்றும் சூடு மூடிய பெட்டிக்குள்ளேயே சுற்றி, அதையே மறுபடி குளிர்விக்க ஃப்ரிட்ஜ் பாடுபட்டுக்கொண்டிருந்தது. கீழே ஒரு துவாரம், மேலே ஒரு துவாரம், கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மாதிரி ஒரு சின்ன ஃபேன். வெயில் நாளில் 45 ஏ.ஹெச். இழுத்தது 34-க்கு இறங்கியது. பேனல் வாங்குவதைவிட இது மலிவு.

அதே மாதிரி செலவில்லாத பழக்கங்கள் சில எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டன. கிளம்புவதற்கு முந்தின நாளே ஃப்ரிட்ஜை வீட்டுக் கரன்ட்டில் போட்டுக் குளிரவைக்கிறோம். சூடான ஃப்ரிட்ஜில் சூடான சாமானை வைத்துப் பேட்டரியில் குளிரவைப்பதுதான் பெரிய செலவு. கறிக்குழம்பை வீட்டிலேயே வைத்து, தட்டையான பைகளில் உறையவைத்து அடியில் அடுக்குவோம்; முதல் இரண்டு நாளுக்கு அதுவே ஐஸ். பிள்ளைகளின் ஜூஸும் தண்ணீரும் தனி எஸ்கியில், ஏனென்றால் ஃப்ரிட்ஜைத் திறப்பதில் பாதி அவர்களால்தான். மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்: இட்லி மாவை அரைத்ததும், புளிக்கும் முன்பே, பாதி நிரம்பிய டப்பாவில் வைத்து எடுத்துப்போங்கள். நிரம்ப வைத்துக் குலுங்கும் சாலையில் போனால் மூடி திறந்து ஃப்ரிட்ஜ் முழுக்க மாவாகும். வேண்டிய அளவை முந்தின இரவு வெளியே எடுத்துவைத்தால் காலையில் பதமாக இருக்கும்.

சார்ஜ் ஏற்றும் பக்கம் வருகிறேன். இந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுற்றிக் கரன்ட் தருவது) புத்திசாலித்தனமாக வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும், எரிபொருள் மிச்சம் பிடிக்க. கார் பேட்டரி நிறைந்ததும் ட்ரெய்லர் பேட்டரிக்கு ஏறுவது நின்றுபோகும். ஆறு மணி நேரம் ஓட்டியும் முழுதாக ஏறவில்லையே என்று நான் குழம்பியதற்கு இதுதான் காரணம். ட்ரெய்லரில் பேட்டரிக்கு அருகே 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (காரிலிருந்து குறைந்து வருகிற வோல்ட்டை உயர்த்திக் கொடுப்பது) போட்டபின், இரண்டு மணி நேரப் பயணத்தில் 45, 50 ஏ.ஹெச். ஏறுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் இடம் மாறுகிறவர்களுக்கு சோலாரே தேவைப்படாது.

ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்குத் தேவை. நான் 160 வாட் மடக்குப் பேனல் வைத்திருக்கிறேன். ஊரில் மொட்டைமாடிப் பேனல் தெற்குப் பார்த்து இருக்கும். இங்கே சூரியன் வடக்கு வானத்தில் போகிறது, வடக்கே திருப்பவேண்டும். நிழல் விஷயத்தில் கறாராக இருங்கள். செல்கள் எல்லாம் ஒரே தொடராகக் கோத்தவை, ஒரு கிளையின் நிழல் மேலே விழுந்தால் மொத்த வரவும் பாதிக்கும் கீழே விழும். வண்டி நிழலில், பேனல் வெயிலில், நடுவில் 10 மீட்டர் தடித்த கேபிள். நிழலுக்காக ரிவர் ரெட் கம் மரத்தடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் அதன் பெரிய கிளைகள் முறிந்து விழும். மடக்குப் பேனல்களின் முதுகிலேயே ஒரு ரெகுலேட்டர், அதாவது சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி, ஒட்டியிருக்கும். அதைக் கழற்றிப் பேட்டரி அருகே மாற்றினேன். பேனலிலேயே இருந்தால், கேபிளில் வோல்ட் இழப்பதால் பேட்டரி நிறைவதற்குள்ளேயே நிறைந்ததாக நினைத்துக்கொண்டு ஏற்றுவதைக் குறைக்கும். மறுபடியும் அதே வயர் கதை.

பழைய ஏ.ஜி.எம். பேட்டரி மார்ச்சில் உயிரை விட்டது. ஹாட்டாவில் நான் அடியோடு இறக்கியதற்கு விலை. 30 கிலோ பேட்டரி போய் 12 கிலோ லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது, அதே 100 ஏ.ஹெச்., ஆனால் 80-க்கு மேல் தாராளமாக எடுக்கலாம். இதன் வோல்ட் நிறைவிலும் பாதியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், ஆகவே வோல்ட் மீட்டரை நம்பமுடியாது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணுகிற ஷன்ட் மீட்டர் வேண்டும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது. 2022-இல் வந்த ஆஸ்திரேலிய-நியூசிலாந்து தரநிலையின்படி ஆட்கள் படுக்கும் பகுதியிலிருந்து அதைப் பிரித்து வைக்கவேண்டும். எங்களுடையது வெளிப்பெட்டியில் இருக்கிறது.

அம்மா ஊருக்குத் திரும்புமுன் ஏப்ரல் பள்ளி விடுமுறையில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடருக்குப் போனோம். அந்த மாநிலத்துக்குள் நுழையும்போது, ரென்மார்க்குக்கு முன்னால் இருக்கிற யம்பா சோதனைச் சாவடியில் பழ ஈக்குப் பயந்து பழங்களையும் தக்காளி, மிளகாயையும் வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதற்காக முந்தின இரவு அம்மா மூன்று கிலோ தக்காளியைத் தொக்காகக் கிண்டிவிட்டார். ஃப்ரிட்ஜில் இடமும் மிச்சம்.

அங்கே ட்ரெசோனா முகாமில் நாலு இரவு. நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்: முதல் நாள் ஃப்ரிட்ஜ் செலவு 29 ஏ.ஹெச்., சோலார் வரவு 41. இரண்டாம் நாள் 31, 43. மூன்றாம் நாள் மேகம் மூடி வரவு 12 மட்டும். பேட்டரி 80 சதவீதத்தில் நின்றது, கவலைப்பட ஒன்றுமில்லை. இன்சுலினை ஒரு டப்பாவில் போட்டு, துணி சுற்றி, குளிர்த்தகட்டைத் தொடாமல் மேல்கூடையில் வைத்திருந்தேன். கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜின் அடியில் திரை காட்டுவதைவிடக் குளிர் அதிகம், 4 என்று வைத்தாலும் தகட்டருகே உறையும். டப்பாவுக்குள் அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பதிகிற இருபது டாலர் தெர்மாமீட்டர். உபயோகத்தில் இருந்த பேனா, தண்ணீரில் நனைத்தால் ஆவியாகிக் குளிர்கிற பையில். "நம்ம மண்பானை மாதிரிதான்" என்றார் அம்மா. சரிதான். இந்த நாட்டில் 1890-களிலேயே கூல்கார்டி தங்கவயல்களில் இதே முறையில்தான், ஈரச் சாக்கு சுற்றிய பெட்டியில், கறியையும் வெண்ணெயையும் காத்திருக்கிறார்கள். காய்ந்த காற்று இருக்கிற இடத்தில் ஆவியாதல் நன்றாக வேலை செய்யும்.

நாலாம் நாள் பிராச்சினா பள்ளத்தாக்குச் சாலையில் போய்விட்டு வந்தபோது மீட்டரில் எண் துள்ளிக்கொண்டிருந்தது. நெளிநெளியான மண்சாலை குலுக்கியதில் பேட்டரி முனையின் நட் அரைச்சுற்று தளர்ந்திருந்தது. 13 எண் ஸ்பேனரால் இறுக்கினேன். அன்றிலிருந்து மண்சாலையில் ஓட்டிய ஒவ்வொரு நாளின் முடிவிலும் கூடாரம் விரிப்பதற்கு முன்பு அந்த ஸ்பேனரைத்தான் எடுக்கிறேன். தெர்மாமீட்டரில் நாலு நாளுக்கும் பதிவானது: குறைந்தது 3.1, கூடியது 6.4. அம்மா அதை ஃபோனில் படம் எடுத்து மதுரையில் இருக்கும் தன் டாக்டருக்கு அனுப்பினார்.